பேஸ்ட் மாற்றியும் லேப்டாப் சூடு ஏன் அடங்கவில்லை?

என் லேப்டாப்பின் ப்ராசசர் இப்போது 25 வாட் இழுத்தாலும் 79 டிகிரிதான். வேலையைத் தொடங்கியபோது இதே லேப்டாப் 11 வாட் இழுப்பதற்குள் 100 டிகிரியைத் தொட்டு நின்றது. இடையில் தூசி எடுத்தது, பேஸ்ட் (சிப்புக்கும் மேலுள்ள செம்புத் தகட்டுக்கும் நடுவே சூட்டைக் கடத்தத் தடவும் பசை) போட்டது, பேடு (அதே வேலைக்கான மென்மையான பட்டை) தடிமன் தப்பாகப் போய் மறுபடி பிரித்தது, கடைசியில் பேஸ்ட்டையே விட்டுவிட்டு, சூட்டில் இளகிப் பரவும் ஃபேஸ் சேஞ்ச் ஷீட்டுக்கு மாறியது எல்லாம் நடந்தன. ஒவ்வொரு கட்டத்திலும் எடுத்த அளவுகளோடு வரிசையாக எழுதி வைக்கிறேன்.

மெஷின்: 14 அங்குல லேப்டாப், இன்டெல் கோர் ஐ5-8250யு, கூடவே என்விடியா எம்எக்ஸ்150 கிராஃபிக்ஸ் சிப். இரண்டு சிப்புக்கும் சேர்த்து, சூட்டைக் கடத்தும் ஒரே ஹீட் பைப், ஒரே ஃபேன். இந்த ப்ராசசரின் வழக்கமான மின் வரம்பு 15 வாட். லேப்டாப் தயாரிப்பவர் அதை 25 வரை ஏற்றிக்கொள்ளலாம், இதில் ஏற்றியிருக்கிறார்கள். சிப்பின் வெப்ப வரம்பு 100 டிகிரி. அதைத் தொட்டதும் சிப் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். த்ராட்டில் ஆகிறது என்று சொல்வது இதைத்தான்.

அளவெடுப்பது

டிகிரியை மட்டும் பார்த்தால் இந்த வேலையில் எதுவும் புரியாது. த்ராட்டில் ஆகும் லேப்டாப் 100-லேயே நிற்கும். பாதி பழுதைச் சரிசெய்த பிறகும் 100-லேயே நிற்கும். மாறுவது வாட். அதே 100 டிகிரியில் முன்பு 11 வாட் ஓடியது, இப்போது 16 ஓடுகிறது என்றால் பழுது பாதி தீர்ந்திருக்கிறது. டிகிரியை மட்டும் பார்ப்பவர் "ஒன்றும் மாறவில்லை" என்று முடிவு கட்டிவிடுவார்.

அதனால் ஒவ்வொரு முறையும் குறித்துக்கொண்டவை இவை: அறை வெப்பநிலை, சிபியு பேக்கேஜ் பவர் (சிப் இழுக்கும் வாட்), ஒவ்வொரு கோரின் வெப்பநிலை, கடிகார வேகம், ஃபேன் சுழற்சி. விண்டோஸில் எச்டபிள்யூஇன்ஃபோ என்ற நிரல் இவை எல்லாவற்றையும் காட்டும், லாக் ஃபைலாகவும் சேமிக்கும். சுமைக்கு சினிபெஞ்ச் ஆர்23 என்ற சோதனை நிரல், பத்து நிமிட ஓட்டம். பிரைம்95 என்ற இன்னொரு நிரலின் சின்ன எஃப்எஃப்டி சோதனை அன்றாட வேலையில் வராத அளவு சுமையை ஏற்றும். ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு அது தேவையில்லை. அறை 30 டிகிரியில் இருக்கும்போது ஓட்டினால் அடுத்த ஓட்டமும் 30-லேயே இருக்க வேண்டும். அறை ஐந்து டிகிரி குளிர்ந்தால் சிப்பும் ஏறக்குறைய அதே ஐந்து டிகிரி குறையும். பழுது நீங்கியதால் குறைந்ததா, குளிரால் குறைந்ததா என்று பிறகு பிரித்துச் சொல்ல முடியாது.

முதல் ஓட்டத்தின் கணக்கு: பத்தாவது நிமிடத்தில் 11 வாட், 1.8 கிகாஹெர்ட்ஸ், 100 டிகிரி, ஃபேன் நிமிடத்துக்கு 4,900 சுற்று.

இதைவிட முக்கியமானது ஏறிய விதம். சுமை தொடங்கிய இரண்டாவது விநாடியே 52-இலிருந்து 100-க்குப் பாய்ந்தது. அத்தனை குறைந்த நேரத்தில் ஹீட்சிங்க் (சிப்பின் சூட்டை வாங்கி வெளியேற்றும் செம்புத் தகடும் பைப்பும் சேர்ந்த தொகுதி) சூடாகவே முடியாது. சிலிக்கானில் பிறந்த சூடு செம்புத் தகட்டுக்குப் போய்ச் சேரவில்லை என்றுதான் அர்த்தம். அதாவது பேஸ்ட் காய்ந்திருக்கிறது, அல்லது ஹீட்சிங்க் சரியாக உட்காரவில்லை. மாறாக 75, 80, 85 என்று ஐந்து பத்து நிமிடம் மெல்ல ஏறி 100-ஐத் தொட்டால் தொடர்பு நன்றாக இருக்கிறது, காற்றுதான் போகவில்லை.

சுமையை நிறுத்தியதும் இறங்கும் விதத்தையும் பாருங்கள். தொடர்பு மட்டும் கெட்டிருந்தால் ஒரு நொடியில் 50-க்கு அருகில் விழுந்துவிடும், ஏனென்றால் ஹீட்சிங்க் சூடாகவே இல்லை. காற்றோட்டம் கெட்டிருந்தால் 70-ஐ ஒட்டி நெடுநேரம் தங்கும். இந்த மெஷின் இரண்டு நொடியில் ஏறியது, நிறுத்தியதும் 68-க்கு விழுந்து அங்கேயே உட்கார்ந்தது. ஆக, இரண்டு பழுதும் இருக்கின்றன. வெளியேறும் காற்றில் கை வைத்துப் பார்த்தபோதும் வெதுவெதுப்பாகத்தான் இருந்தது, அதுவும் மூச்சு விடுகிற அளவுக்கு மெலிவாக.

பிரிப்பதற்கு முன் விலக்க வேண்டியவை இரண்டு உண்டு. ஒன்று, சும்மா இருக்கும்போதே ஃபேன் அலறினால் டாஸ்க் மேனேஜரைத் திறந்து எந்த நிரல் சிபியுவைத் தின்கிறது என்று பார்ப்பது. பிரவுசரில் மறந்துபோன ஒரு டேப்கூட இதைச் செய்யும். இரண்டு, 45 டிகிரியில் இருந்துகொண்டே வேகம் 400 அல்லது 800 மெகாஹெர்ட்ஸில் பூட்டிக்கொண்டால் அது சூட்டுப் பிரச்சினையே அல்ல. சார்ஜரை மெஷின் அடையாளம் காணாதபோது, அல்லது போர்டில் வேறு ஏதோ ஒரு சென்சார் கெட்டுப்போனபோது, பிராக்ஹாட் என்ற அவசரச் சமிக்ஞை சிபியுவின் கழுத்தைப் பிடிக்கும். அதற்கு பேஸ்ட் மாற்றி ஒரு பயனும் இல்லை. முதலில் வேறு சார்ஜர் போட்டுப் பார்க்க வேண்டும்.

திறப்பது

கருவிகள்: பிஎச்0, பிஎச்00 பிட் உள்ள ஸ்க்ரூ டிரைவர், மெல்லிய பிளாஸ்டிக் நெம்பி, 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், நூல் உதிராத துணி, அரை அங்குல மென் பிரஷ், கையால் அமுக்கும் ரப்பர் ப்ளோயர். நெம்பிக்குப் பதில் ஸ்க்ரூ டிரைவர் முனையை விட்டால் கவரின் விளிம்பு நிச்சயம் நசுங்கும், கிளிப்பும் உடையலாம். பழைய ப்ளாஸ்டிக் கார்டை வெட்டி நெம்பியாக்கிக்கொள்வது அதைவிட மேல்.

பிரிப்பதற்கு முன் ஐந்து நிமிடம் சுமை கொடுத்து மெஷினைச் சூடாக்கி, பிறகு ஷட்டவுன் செய்தால் இறுகிப்போன பேஸ்ட் இளகியிருக்கும், ஹீட்சிங்க் எளிதில் கழலும். ஷட்டவுன் என்றால் முழு ஷட்டவுன், ஸ்லீப் அல்ல. சில திங்க்பேட் மாடல்களில் பயாஸுக்குள் போய் உள்பேட்டரியை முடக்கும் தேர்வு இருக்கிறது, அது இருந்தால் அதைச் செய்துவிட்டுத் திறப்பது நல்லது.

அடிப்பக்க ஸ்க்ரூக்கள் எல்லாம் ஒரே நீளம் இல்லை. ஒரு தாளில் லேப்டாப்பின் அடிப்பக்கத்தை வரைந்து, அந்தந்த இடத்தில் துளை போட்டு ஸ்க்ரூவைச் செருகி வைத்தால் போதும். நீள ஸ்க்ரூவைக் குட்டை ஸ்க்ரூவின் இடத்தில் முறுக்கினால் மறுபக்கம் கீபோர்டு பக்கத் தகட்டில் முட்டு கிளம்பும். எல்லா ஸ்க்ரூவும் எடுத்த பிறகும் ஒரு மூலை மட்டும் வராவிட்டால் இழுக்காதீர்கள். ரப்பர் பாதத்துக்கு அடியில் இன்னொன்று ஒளிந்திருக்கும்.

கவர் வந்ததும் முதல் வேலை பேட்டரி கனெக்டரைக் கழற்றுவது. வயரைப் பிடித்து இழுக்காமல் கனெக்டரின் உடலை இரண்டு பக்கமும் நெம்பியால் மாறி மாறித் தள்ள வேண்டும். பிறகு பவர் பட்டனைப் பதினைந்து விநாடி அழுத்திப் பிடித்தால் கபாசிட்டரில் மிச்சமிருப்பது வடிந்துவிடும். இந்தக் கட்டத்தில் பேட்டரியையும் ஒருமுறை பாருங்கள். தட்டையாக இல்லாமல் தலையணைபோல் உப்பியிருந்தால் சூட்டு வேலையை அங்கேயே நிறுத்தி, முதலில் பேட்டரியை மாற்ற வேண்டும். உப்பிய பேட்டரியைக் குத்துவதோ அழுத்தி உள்ளே தள்ளுவதோ கூடாது.

தூசி இருக்கும் இடம்

ஃபேன் இறக்கைகளில் தெரியும் தூசி வெறும் பூச்சு. காற்றை அடைப்பது ஃபேன் முடிந்து ஃபின் தகடுகள் (சூட்டைக் காற்றுக்குக் கொடுக்கும் மெல்லிய உலோகத் தகட்டு வரிசை) தொடங்கும் இடத்தில், உள்பக்கமாகப் படிந்திருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் ஃபின் பளபளவென்று இருக்கும், உள்ளே நூலும் தூசியும் சேர்ந்து கம்பளித் துண்டு மாதிரி ஒரு பட்டை. வெளியேறும் துளை வழியாகக் காற்றை அடித்தால் இந்தப் பட்டை கொஞ்சம் பின்வாங்கி ஃபேனுக்குள் போகும், மெஷினை ஆன் செய்ததும் திரும்ப வந்து ஒட்டிக்கொள்ளும். கவரைத் திறக்காமல் செய்யும் 'க்ளீனிங்' சில வாரம்கூட நிற்காததற்கு இதுதான் காரணம்.

ஃபேனைப் பிடித்திருந்த மூன்று ஸ்க்ரூவை எடுத்து, ஃபேனுக்கும் ஃபின்னுக்கும் நடுவே ஒட்டியிருந்த கருப்பு டேப்பைக் கிழிக்காமல் உரித்ததும் பட்டை தெரிந்தது. ஃபின்னின் நீளம் முழுக்கப் பரவியிருந்தது, ஓர் ஓரத்தில் மட்டும் அரை விரல் அகலத்துக்கு இடைவெளி. வந்த காற்றெல்லாம் அந்த இடைவெளி வழியாகத்தான் வந்திருக்கிறது. பிரஷின் பின்முனையால் ஓரத்தைத் தூக்கியதும் ஒரே துண்டாக உரிந்து வந்தது.

இந்த இடத்தில் ஒரு விநோதத்தைச் சொல்ல வேண்டும். அடைப்பு இருந்தபோது ஃபேன் 4,900; அடைப்பை எடுத்த பிறகு அதே முழு வேகத்தில் 4,600. வேகம் குறைந்தது கெட்ட செய்தி அல்ல. இந்த வகை மையவிலக்கு ஃபேனுக்குக் காற்றைத் தள்ளுவதுதான் சுமை. தள்ளக் காற்றே இல்லாதபோது அது லேசாகி வேகமெடுக்கும், சத்தமும் கீச்சென்று உயரும். ஆகவே ஃபேன் வேகமாகச் சுற்றுவதை வைத்துக் காற்று நன்றாகப் போகிறது என்று நம்பக் கூடாது.

ப்ளோயர் அடிக்கும்போது இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் காற்றின் வேகத்தில் ஃபேன் தன் எல்லையைத் தாண்டிச் சுழன்று பேரிங் தேயும். வீட்டு வாக்குவம் க்ளீனரின் குழாயைப் போர்டுக்கு அருகில் கொண்டுபோக வேண்டாம், அது நிலைமின்சாரத்தைச் சேர்க்கும். இறக்கைகளை ஆல்கஹால் தொட்ட பிரஷால் துடைக்கலாம். நடுக் குமிழை நனைக்கக் கூடாது. லேப்டாப்பைச் சாய்க்கும்போது கரகரவென்று சத்தம் மாறினால் பேரிங் போய்விட்டது. அதற்குத் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விடுவது தற்காலிகத் தீர்வு. துரு நீக்கும் ஸ்ப்ரே அடிப்பது தீர்வே அல்ல, இருக்கிற எண்ணெயையும் கரைத்துக்கொண்டு போய்விடும்.

டேப்பைத் திரும்ப ஒட்டுவதை அலட்சியம் செய்ய வேண்டாம். அந்த இடுக்கு திறந்திருந்தால் காற்று ஃபின்னுக்குள் போகாமல் பக்கவாட்டில் கசிந்து, சூடான காற்றையே ஃபேன் மறுபடி உறிஞ்சும். அடிக்கவரின் உள்பக்கம் ஃபேனைச் சுற்றி ஒட்டியிருக்கும் ஸ்பாஞ்சுக்கும் இதே வேலைதான். உதிர்ந்திருந்தால் அதே தடிமனில் புதிது ஒட்ட வேண்டும்.

பேஸ்ட்டைத் தொடாமல், தூசியை மட்டும் எடுத்து ஓட்டிப் பார்த்த கணக்கு: பத்தாவது நிமிடத்தில் 16 வாட், 2.3 கிகாஹெர்ட்ஸ், 100 டிகிரி. இரண்டாவது நொடிப் பாய்ச்சல் அப்படியே இருந்தது. காற்று சரியாகிவிட்டது, தொடர்பு இன்னும் கெட்டே இருக்கிறது. இரண்டையும் ஒரே மூச்சில் செய்யாமல் பிரித்துச் செய்ததால்தான் எது எவ்வளவு கொடுத்தது என்று தெரிந்தது.

ஹீட்சிங்க்கைக் கழற்றுவது

ஹீட்சிங்க் ஸ்க்ரூக்களுக்குப் பக்கத்தில் 1, 2, 3, 4 என்று எண் குத்தியிருக்கும். முறுக்கும்போது அந்த வரிசை, தளர்த்தும்போது தலைகீழ் வரிசை. ஒவ்வொன்றையும் அரைச் சுற்று, அரைச் சுற்றாக. லேப்டாப் ப்ராசசருக்கு மேல்மூடி கிடையாது, வெறும் சிலிக்கான்தான். ஒரு மூலையை முழுதாக இறுக்கிவிட்டு அடுத்த மூலைக்குப் போனால் எதிர்மூலையில் சில்லு தெறிக்கலாம். தெறித்தால் போர்டே போயிற்று.

எடுக்கும்போது மேலே இழுக்காமல் லேசாகத் திருகி அசைத்துத் தூக்க வேண்டும். ஹீட் பைப்பைப் பிடித்துத் தூக்கக் கூடாது. அது திடமான செம்புக் கம்பி அல்ல. உள்ளே கூடாக, சுவரில் நுண்துளைப் பூச்சும் சிறிதளவு நீரும் வைத்து மூடிய குழாய். மடங்கினால் நீர் திரும்பி வரும் பாதை அடைபட்டு அது வெறும் குழாயாகிவிடும். கையோடு ஒரு சோதனை செய்துகொள்ளலாம்: சிப் படும் முனையைச் சுடுநீரில் வைத்தால் ஃபின் முனை ஓரிரு நொடியில் கையைச் சுட வேண்டும். நெடுநேரம் ஆனால் பைப் செத்துவிட்டது, பேஸ்ட் எதைப் போட்டாலும் எடுபடாது. இதில் உடனே சுட்டது. ஈரம் முழுதும் காய்ந்த பிறகே திரும்பப் பொருத்த வேண்டும்.

பழைய பேஸ்ட் சிலிக்கானின் நடுவில் ஏறக்குறைய இல்லை. நான்கு பக்க ஓரத்திலும் காய்ந்த வரப்பாக ஒதுங்கியிருந்தது. இதற்குப் பெயர் பம்ப் அவுட். சிப் ஒவ்வொரு முறை சூடாகி ஆறும்போதும் சிலிக்கானும் செம்பும் வெவ்வேறு அளவில் விரிந்து சுருங்கும். நடுவில் இருக்கும் இளகிய பேஸ்ட் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே பிதுங்கும். டெஸ்க்டாப்பைவிட லேப்டாப்பில் இது அதிகம். சிப்புக்கு மூடி இல்லை, சூடு ஒரு விரல்நக இடத்தில் குவிகிறது, நாள் முழுக்க ஏறி இறங்குகிறது.

திறந்ததும் பேஸ்ட் சாம்பல் நிறமாக இல்லாமல் பாதரசம்போல் மின்னினால் கையை எடுத்துவிடுங்கள். அது லிக்விட் மெட்டல், சில கேமிங் லேப்டாப்களில் தொழிற்சாலையிலேயே போட்டு வரும். மின்சாரத்தைக் கடத்தும், அலுமினியத்தை அரிக்கும். துணியால் இழுத்துத் துடைத்தால் சுற்றியுள்ள கபாசிட்டர்களுக்குப் பரவும்.

சாதாரண பேஸ்ட்டாக இருந்தால், பிளாஸ்டிக் கார்டு முனையால் கெட்டியானதைத் தள்ளி, ஆல்கஹால் தோய்த்த துணியை ஒரு நிமிடம் மேலே வைத்து ஊறவிட்டு எடுத்தால் ஒரே இழுப்பில் வந்துவிடும். ஐ5-8250யு பேக்கேஜில் இரண்டு சிலிக்கான் துண்டுகள் தெரியும். பெரியது ப்ராசசர், சின்னது பிசிஎச் (யுஎஸ்பி போன்ற இணைப்புகளைக் கவனிக்கும் துணைச் சிப்). பழைய பேஸ்ட் எதன்மேல் இருந்ததோ அதன்மேல் மட்டும் புதிது போட்டால் போதும்.

போட்டது ஆர்க்டிக் எம்எக்ஸ்-4 பேஸ்ட். மேல்மூடி உள்ள டெஸ்க்டாப் சிப்பில் நடுவில் ஒரு பொட்டு வைத்தால் போதும் என்பார்கள். மூடி சூட்டைப் பரப்பிவிடும். வெறும் சிலிக்கானில் அது ஆபத்து, பேஸ்ட் படாத மூலைக்குக் குளிர்ச்சியே கிடையாது. இரண்டு அரிசி மணி அளவு எடுத்து, பிளாஸ்டிக் கார்டால் மூலை முடுக்கெல்லாம் மெல்லிய படலமாக இழுத்துவிட வேண்டும். எம்எக்ஸ்-4 மின்சாரத்தைக் கடத்தாது, அதனால் ஓரத்தில் கொஞ்சம் வழிந்தாலும் கெடுதல் இல்லை.

பேடு தடிமன்: திரும்பப் பிரிக்க வைத்தது

எம்எக்ஸ்150-ஐ ஒட்டி நினைவக சிப்கள், அவற்றுக்கு மேலே தெர்மல் பேடு. பழைய பேடுகள் எண்ணெய் கசிந்து, தொட்டாலே பிய்ந்தன. கைவசம் இருந்தது 1.5 மி.மீ. பேடு. பழையது நசுங்கி எவ்வளவு இருந்தது என்று பார்க்காமல் இதையே வெட்டிப் போட்டு மூடியாயிற்று.

ஓட்டிப் பார்த்தால்: 19 வாட், 2.5 கிகாஹெர்ட்ஸ், ஆனால் நான்கு கோர்களில் ஒன்று 100, எதிர் ஓரத்தில் இருப்பது 85. முன்பைவிட மேல் என்று விட்டுவிடத் தோன்றும், விடக் கூடாது. ஒரே சுமையில் கோர்களுக்குள் ஐந்தாறு டிகிரி வித்தியாசம் இயல்பு. பத்தைத் தாண்டினால் ஹீட்சிங்க் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறது. தடித்த பேடு ஒரு பக்கம் முட்டுக்கொடுத்துத் தூக்கி நிற்க, சிலிக்கானின் மறுபக்கத்தில் பேஸ்ட் படலம் தடித்துப்போனது.

சரியான தடிமனைக் கண்டுபிடிக்க எளிய வழி: குழந்தைகள் விளையாடும் களிமண்ணைச் சின்ன உருண்டையாக்கி, மெல்லிய பிளாஸ்டிக் தாளில் சுற்றி நினைவக சிப் மேல் வைத்து, ஹீட்சிங்க்கை முழுதாக இறுக்கித் திரும்பக் கழற்றுவது. நசுங்கிய களிமண்ணின் தடிமனை வெர்னியர் காலிப்பரால் அளந்ததில் 0.8 மி.மீ. மென்மையான பேடு தன் தடிமனில் ஐந்தில் ஒரு பங்காவது நசுங்க வேண்டும், அப்போதுதான் முழுப் பரப்பும் படும். ஆக 1.0 மி.மீ. பேடு. ஹீட்சிங்க்கைக் கழற்றினால் அதே பேஸ்ட்டோடு திரும்ப மூடக் கூடாது, காற்றுக் குமிழ் சிக்கும். துடைத்துப் புதிதாகப் போட்டு மூடியதும்: 25 வாட், 2.9 கிகாஹெர்ட்ஸ், 82 டிகிரி, கோர் வித்தியாசம் 5. பாய்ச்சலும் போய்விட்டது, இரண்டாவது நொடியில் 70, அங்கிருந்து மெல்ல ஏற்றம். வெளியேறும் காற்று கையை நன்றாகச் சுட்டது. அது நல்ல அறிகுறி. வெளிக்காற்று சூடாக இருந்தால் சூடு வெளியேறுகிறது.

பேஸ்ட் நிலைக்கவில்லை

சில மாதம் கழித்து அதே சோதனை, அதே 30 டிகிரி அறை: 25 வாட்டைத் தாங்குகிறது, ஆனால் 93 டிகிரி. ஃபின்னில் தூசி இல்லை. இரண்டாவது நொடியில் 84. காற்று குற்றமில்லை, பேஸ்ட் மறுபடி ஓரத்துக்கு ஒதுங்கத் தொடங்கிவிட்டது என்பதைப் பிரிப்பதற்கு முன்பே அந்த 84 சொல்லிவிட்டது.

இங்கேதான் ஹனிவெல் பிடிஎம்7950 என்ற ஃபேஸ் சேஞ்ச் ஷீட்டுக்கு மாறியது. அறை வெப்பத்தில் திடமான ஷீட். 45 டிகிரி அளவில் இளகிப் படலமாகப் பரவும், ஆறினால் திரும்ப இறுகும். அதனால் பிதுங்கிப் போவது மிகக் குறைவு. மின்சாரத்தைக் கடத்தாது.

கையாள்வதில்தான் சிக்கல். தடிமன் 0.25 மி.மீ. மட்டுமே, இரண்டு பக்கமும் பாதுகாப்புத் தாள். அறை வெப்பத்தில் தாளை உரித்தால் ஷீட்டும் சேர்ந்து கிழிந்து வரும். பத்து நிமிடம் ஃப்ரிட்ஜில் வைத்து எடுத்து, சிலிக்கானைவிட ஒரு மயிரிழை பெரிதாகக் கத்தரித்து, ஒரு பக்கத் தாளைச் சட்டென்று உரித்து, சிப் மேல் வைத்து விரலால் அழுத்தி ஒட்ட வேண்டும். மேல்தாள் வர அடம்பிடித்தால், குளிர்ந்த ஒரு ஸ்பூனின் முதுகை மேலே சற்று வைத்துவிட்டு மூலையிலிருந்து உரித்தால் வந்துவிடும். ஓரத்தில் சின்னத் துணுக்கு கிழிந்தாலும் பரவாயில்லை, வெட்டி ஒட்டு போடலாம், இளகும்போது சேர்ந்துகொள்ளும். நடுவில் மட்டும் ஓட்டை கூடாது.

மூடிய உடனே எடுத்த அளவு 86. இதைப் பார்த்துப் பதறித் திரும்பப் பிரிக்க வேண்டாம். சில முறை நன்றாகச் சூடாகி ஆறிய பிறகே ஷீட் முழுதாகப் பரவி மெலியும். பத்து நிமிட ஓட்டங்களை இடைவெளி விட்டு நடத்திய பின் 79-ல் நின்றது. அதன் பிறகு எடுத்த அளவுகளிலும் நகரவில்லை. வாங்கும்போது கவனம் தேவை, இதன் பெயரில் போலிகள் நிறைய. செலவைச் சொன்னால், முழு வேலையிலும் அதிக விலை இதற்குத்தான். அப்படியும் ஒரு புதிய ஃபேனின் விலையைத் தொடாது.

அண்டர்வோல்ட், மின் வரம்பு

அண்டர்வோல்ட் என்றால் சிப்புக்குப் போகும் வோல்டேஜைக் குறைப்பது. த்ராட்டில்ஸ்டாப் என்ற நிரலில் கோர், கேஷ் இரண்டுக்கும் 80 மில்லிவோல்ட் குறைத்தது இந்தச் சிப்புக்கு நிலையாக நின்றது. ஒவ்வொரு சிப்பும் வேறு. 40 மில்லிவோல்ட் குறைப்பில் தொடங்கி மேலும் பத்துப் பத்தாகக் குறைத்து, மெஷின் உறைந்தால் இருபது பின்வாங்குவது பாதுகாப்பு. 2019-இல் பிளண்டர்வோல்ட் என்ற பாதுகாப்பு ஓட்டை வெளியானதைத் தொடர்ந்து, பல மெஷின்களில் பயாஸ் அப்டேட் வழியாக இந்த வசதி பூட்டப்பட்டது. அப்படிப்பட்டதில் எண்ணை மாற்றினாலும் எடுபடாது.

எதிர்பார்ப்பைச் சரிசெய்துகொள்ள ஒரு விஷயம்: அண்டர்வோல்ட் செய்தபின் முழுச் சுமையில் டிகிரி மாறவில்லை, அதே 79. மின் வரம்பு 25 வாட் என்று இருக்கும்போது சிப் கிடைத்த மிச்சத்தை வேகமாக மாற்றிக்கொள்ளும், 2.9 இருந்தது 3.1 ஆனது. டிகிரி குறைய வேண்டுமென்றால் வரம்பையே குறைக்க வேண்டும். நீண்ட கால வரம்பை 20, குறுகிய கால வரம்பை 30 என்று வைத்ததும் 70-க்கு இறங்கியது, ஃபேன் திடீர் திடீரென்று எகிறுவதும் நின்றது. விண்டோஸ் பவர் அமைப்பில் அதிகபட்ச ப்ராசசர் நிலையை 99 சதவீதமாக்கும் பிரபலக் குறுக்குவழி டர்போவையே (அடிப்படை வேகத்தைத் தாண்டி ஓடும் வசதியை) அணைத்துவிடும். இந்தச் சிப் 1.6 கிகாஹெர்ட்ஸில் முடங்கும். சூடு அடங்கும்தான். அந்த அளவு வேகத்தை விட்டுக்கொடுக்கும் அவசியம் இங்கே இல்லை.

திரும்பச் சூடேறாமல் இருக்க

அடியில் காற்று இழுக்கும் லேப்டாப்புக்கு மெத்தை, தலையணை, மடி மூன்றும் மூக்கைப் பொத்துவதுதான். ரப்பர் பாதம் ஒன்று விழுந்தால் உடனே ஒட்டுங்கள், அந்தச் சில மில்லிமீட்டர்தான் காற்று வரும் வாசல். பின்பக்கத்தை இரண்டு செ.மீ. உயர்த்தியதில் இந்த மெஷினில் 4 டிகிரி குறைந்தது. இதற்கு இரண்டு ரப்பர் கட்டை போதும். கூலிங் பேடு வாங்குவதற்கு முன் அதன் ஃபேன் உங்கள் லேப்டாப்பின் துளைக்கு நேரே வருகிறதா என்று பாருங்கள். வராவிட்டால் வெறும் சத்தம். தூசி வராமலிருக்க உறிஞ்சும் துளையில் வலை ஒட்டுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்; வலை அடைபடும், அது அடைபட்டதை யாரும் கவனிப்பதில்லை.

கீல் பக்கம் காற்று வெளியேறும் மாடல்களில், மூடியை மூடி வெளி மானிட்டரில் வேலை செய்வது வெளியேறும் துளையைப் பாதி மறைக்கும். கொஞ்சமாவது திறந்து வையுங்கள்.

பைக்குள் போட்ட லேப்டாப் எடுக்கும்போது கொதித்துக் கிடந்தால் காரணம் பெரும்பாலும் மாடர்ன் ஸ்டாண்ட்பை. மூடியை மூடினாலும் மெஷின் முழுதாகத் தூங்காமல் அப்டேட், மெயில் என்று இடையிடையே விழித்துக்கொள்ளும். பையில் வைக்கும் முன் ஹைபர்னேட் கொடுத்துவிட்டால் அந்தத் தொல்லை இல்லை. எப்போதும் சார்ஜரிலேயே இருக்கும் மெஷினில் சார்ஜ் வரம்பை 80 சதவீதமாக வைத்தால் பேட்டரி உப்புவதும் தள்ளிப்போகும்.

எத்தனை மாதத்துக்கு ஒருமுறை திறப்பது என்பதற்கு நாள்கணக்கு வைப்பதில் அர்த்தமில்லை. நாய் பூனை இருக்கும் வீட்டில் ஒரு கணக்கு, மூடிய அறையில் வேறு கணக்கு. பத்து நிமிட ஓட்டத்தை அவ்வப்போது நடத்தி, முதல் அளவோடு ஒப்பிடுவதே வழி. இரண்டாவது நொடி எண் அப்படியே இருந்து பத்தாவது நிமிட எண் மட்டும் ஏறியிருந்தால் தூசி. இரண்டாவது நொடி எண்ணே ஏறியிருந்தால் ஹீட்சிங்க்கைக் கழற்ற வேண்டும்.

அடுத்த மெஷினில் மாற்றிச் செய்யப்போவது: புதிதாக வாங்கிய வாரத்திலேயே இந்த அளவுகளை எடுத்து லாக் ஃபைலைப் பத்திரப்படுத்துவது, பேஸ்ட் கட்டத்தையே தாண்டி நேராக பிடிஎம் ஷீட்டுக்குப் போவது, நினைவக சிப்களுக்கு பேடுக்குப் பதில் தெர்மல் புட்டி வைப்பது. புட்டிக்குத் தடிமன் கணக்கே வேண்டாம், ஹீட்சிங்க் அழுத்தும் அளவுக்கு நசுங்கிக்கொள்ளும். களிமண் உருண்டை வேலை அதோடு மிச்சம்.